கருவாட்டுப் பாறையின் காதல் கதை

சுற்றுலா அலுவலகக் குமாஸ்தாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து இடங்கள் வேண்டும். ‘தீவில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்’ என்று துண்டுப் பிரசுரத்தின் தலைப்பு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, இடங்கள்தான் பாக்கி. உள்ளூர்ப் படகோட்டி ஒருவனைப் பிடித்து இரண்டு நாள் சுற்றினார். இடிந்த கலங்கரை விளக்கம், அலையாத்திக் காடு, நாரைகள் வந்து உட்காரும் மணல்திட்டு, கொஞ்சம் பவளம். அதற்கு மேல் தீவு ஒத்துழைக்கவில்லை.

கரையோரமாகத் திரும்பும்போது, மேசை போலத் தட்டையாக ஒரு பாறை கண்ணில் பட்டது.

“இது என்ன பாறைப்பா?”

“என் வீட்டுக்காரி கருவாடு காயப்போடுற பாறை சார்.”

“இதுக்குக் கதை ஏதாவது இருக்கா?”

“மழை வந்தா அள்ளிக்கிட்டு ஓடுவா. அவ்வளவுதான் கதை.”

குமாஸ்தா மனம் தளரவில்லை. இல்லாததை இருப்பதாக எழுதி இருபத்திரண்டு வருடம் பழகிய கை அது. அடுத்த வாரமே அங்கே ஒரு பலகை முளைத்தது: ‘காதலர் பாறை’. ஒரு மீனவனும் ஒரு இளவரசியும் இங்கிருந்துதான் கைகோத்துக் கடலில் குதித்தார்களாம். குதித்தால் முழங்கால் அளவுதான் தண்ணீர். பலகை அதைச் சொல்லவில்லை.

பாறையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கருவாட்டு வாடை காதலுக்கு ஒத்துவராது என்று படகோட்டியின் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் கருவாட்டைத் தன் வீட்டுத் தகரக் கூரைக்கு மாற்றினாள். பாறையில் இரண்டு பக்கமும் காற்று உண்டு. மீன் நிதானமாகக் காயும். தகரத்திலோ மேலே வறுபட்டு உள்ளே ஊசிப்போனது. மிச்சத்துக்குக் காக்காய்கள் குடும்பத்தோடு வந்தன. கையில் குச்சியுடன், உள்ளங்கால் சுட, அவள் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

கணவனுக்கோ நல்ல சவாரி. இளவரசி கதையைச் சொல்லிச் சொல்லி அவனுக்கும் நாக்கு நன்றாகப் புரள ஆரம்பித்தது. புதுமணத் தம்பதி வந்தால் இளவரசி பேரழகி. ஓய்வுபெற்றவர்கள் வந்தால் அவளுக்கு லேசாக மூட்டுவலியும் இருந்தது.

“எனக்கு முன்னாடி எவ அங்க உக்காந்தா?” என்று மனைவி கேட்டாள்.

“எல்லாம் வயித்துப் பொழப்புடி” என்றான். அவள் மறுபடி கூரை ஏறினாள்.

ஒரு நாள் மேலதிகாரி தன் மனைவியுடன் பார்வையிட வந்தார். பாறைக்கு அடியில் விட்டுப்போன, கருவாட்டுக்குப் பாரம் வைக்கும் தட்டைக் கற்களை எடுக்க அன்றைக்கென்று படகோட்டியின் மனைவியும் வந்திருந்தாள். மேலதிகாரியின் மனைவி பலகையை இரண்டு முறை படித்துவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

“இந்த இளவரசி கதை உங்களுக்குத் தெரியுமாம்மா?”

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். பலன் இல்லை.

“காதலும் இல்ல, கத்திரிக்காயும் இல்லம்மா. பதினெட்டு வருஷமா இங்க நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன். கூட இருந்ததெல்லாம் நெத்திலி.”

மேலதிகாரியின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதாங்க உண்மையான பண்பாடு” என்று கணவரிடம் சொன்னார். வீட்டில் அந்த அம்மாள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை போலும். ஒரே வாரத்தில் புதுப் பலகை வந்தது: ‘பாரம்பரியக் கருவாட்டுப் பாறை’. இளவரசியை யாரும் தேடவில்லை.

குமாஸ்தா தாமே படகோட்டியின் வீட்டுக்கு வந்தார்.

“தினம் பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் வந்து, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாப் போதும்மா. கொஞ்சம் சிரிச்ச முகமா.”

“விடிஞ்சதும் விரிச்சாத்தான் சார் ஒழுங்கா காயும்.”

“வர்றவங்க எழுந்திருக்கவே ஒன்பதாயிடும்மா. அப்புறம் ஒரு சின்ன விஷயம். நாறாமப் பாத்துக்கணும்.”

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

“நாறாத கருவாடு வேணும்னா படம் வரைஞ்சு மாட்டிக்குங்க சார்.”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மீன்கள் பெட்டியில் வந்திறங்கின. மீனைத் தொட்டாலே குமட்டுகிற குமாஸ்தாவின் கொழுந்தியாள் வேலையில் அமர்ந்தாள். பிளாஸ்டிக் அவளுக்குக் குமட்டவில்லை. நாற்பது மீனை வரிசையாகத் திருப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து திருப்பினாள்.

படகோட்டியின் மனைவி அறுந்த வலையைக் கூரைமேல் கட்டிக் காக்காய்களைச் சமாளித்துக்கொண்டாள். ஒரு மத்தியானம், கணவன் தட்டின் முன் உட்கார்ந்ததும் கேட்டாள்.

“பாறையில உக்காந்திருக்கறவளைப் பத்தி வர்றவங்ககிட்ட என்ன சொல்றீங்க?”

அவன் சோற்றைப் பிசைந்தான். “நாலு தலைமுறையா இவங்க குடும்பம் இங்கதான் கருவாடு போடுதுன்னு. குமாஸ்தா சார் எழுதிக் குடுத்ததுதான்.”

“அவ புருஷனைப் பத்தி?”

“அதெல்லாம் ஒண்ணும் எழுதலையே.”

“எழுதச் சொல்லுங்க. புருஷன் படகு ஓட்டுறான்னு எழுதட்டும். நாளையிலருந்து சாப்பாட்டையும் அவகிட்டயே வாங்கிக்குங்க.”

அவன் அதற்கு மேல் குழம்பு கேட்கவில்லை. தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுத் துறைக்குப் போனான்.

மறுநாள் படகில் வந்தவர்கள், பாறையைக் காட்டி அது என்ன என்று கேட்டார்கள்.

“அது பாறை.”

“அதுல என்ன விசேஷம்?”

“வெயில் நல்லா விழும்” என்றான் படகோட்டி. படகைத் திருப்பினான்.

அன்று மாலை, பார்வையாளர் புத்தகத்தில் ஒருவர் எழுதிவிட்டுப் போனார்: ‘இயற்கை அழகு அபாரம். பாரம்பரியம் மனதைத் தொட்டது. படகோட்டிக்குத்தான் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.’