ஆடி மாதத்தில் ஒரு மேடை

ஆடி பிறந்தால் அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபங்கள் எல்லாம் ஈயோட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எங்கள் மாநாட்டுக்கு அந்த மாதத்தைப் பிடித்தோம்.

"ஆடியில யாராச்சும் நல்ல காரியம் வைப்பாகளா?" என்று முனகினார் என் தோழி சத்யபிரியாவின் அப்பா மருதுபாண்டி மாமா.

"கம்ப்யூட்டருக்கு ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது மாமா" என்றேன்.

எனக்குக் கண் தெரியாது. சத்யாவால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். எல்லோரும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள்களில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் தமிழைக் கடித்துத் துப்பினால் நான் சரிசெய்வேன். மவுசைத் தொட முடியாதவர்களும் புழங்கும்படி செய்வது அவள் வேலை. எங்களைப் போன்றவர்களுக்குத் தோதாக மென்பொருள்களை மாற்றுவது பற்றித்தான் மாநாடு. சென்னையில் வை, மதுரையில் வை என்றார்கள். ஒரு தடவையாவது எல்லோரும் எங்கள் ஊருக்கு வந்து ஆடிக்காற்றில் புழுதி தின்னட்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான்.

திருச்சுழி ரோட்டில் இருந்த மண்டபத்தைப் பார்க்க மாமாதான் தன் லோடு வண்டியில் எங்களை அழைத்துப்போனார். ஆடு, மூட்டை, வைக்கோல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுகிற வண்டி. சத்யாவைத் தூக்கி முன்சீட்டில் வைக்கும்போது "ம்ம்" என்று ஒரு மூச்சு விடுவார். பள்ளிக்கூடம், காலேஜ், பரீட்சை என்று அவள் போய்வந்ததெல்லாம் அந்த மூச்சில்தான். இப்போதெல்லாம் அது பாதியில் உடைகிறது. யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர்கள் வீட்டுச் சுவரில் பேப்பரில் வந்த ஒரு படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் முதன்முதலில் போன அன்றே மாமா என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "நான் எம்மகளைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறுறேன் தாயி. பட்டம் வாங்கப் போறோம். சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுது" என்றார். சத்யா சட்டென்று பேச்சை மாற்றினாள்.

பிறகு தனியாக இருக்கும்போது சொன்னாள். "அந்தப் படத்தக் கண்டாலே எனக்கு ஆகாதுடி. பட்டம் வாங்குனது நானு, கைதட்டு வாங்குனது அவரு. ஆனா இத அவருகிட்ட சொன்னா ஒடிஞ்சு போயிருவாரு."

அன்று மண்டபத்துக்குப் போனால், மேடைக்குப் படிகள் மட்டும்தான் இருந்தன. மாநாட்டைத் தொடங்கிவைத்துப் பேசப்போவதோ சத்யா.

"நான் எதுக்கு இருக்கேன்? தூக்கிட்டுப் போயி வச்சிர்றேன்" என்றார் மாமா.

"எல்லாருமே கீழ உக்காந்து பேசிரலாம்ப்பா" என்றாள் அவள்.

"மேடைய வச்சுக்கிட்டு எம்மக கீழ உக்காரணுமா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு முன்கோபம் அதிகம், வாய் அதைவிட அதிகம்.

"நீங்க தூக்கிட்டுப் போனா கைதட்டு உங்களுக்குத்தான் விழும் மாமா. அவளுக்கு விழாது" என்றேன்.

வழக்கமாக அவர் எனக்காக வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். இந்தா கம்மாய்க்குள்ள கருவேலம் மண்டிக் கெடக்கு, இந்தா ஒருத்தன் ஆட்ட விட்டு ரோட்ட அடைச்சுட்டான் என்று ஓயாது. அன்று வீடு வந்து சேரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் சத்யா போன் செய்தாள். "நீ சொன்னது சரிதான். ஆனா அதச் சொல்ல வேண்டியவ நானு. அவரு எங்கப்பாடி."

"தப்புத்தான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும் சொல்லிட்டேன். இனிமே மேடைக்கு என்னையத் தூக்காதீகப்பா, நானாப் போறேன்னேன். வண்டியக் கழுவப் போயிட்டாரு. நேத்துத்தான் கழுவுனாரு."

மறுநாள் எங்கள் கடை வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்டது. என் அண்ணன் ஒலி முகம்மது கட்டட வேலைக்குப் பலகை, முட்டுக்கம்பு என்று சென்ட்ரிங் சாமான்கள் வாடகைக்கு விடுகிறான். "மாப்ள, நீளப் பலகை எம்புட்டு இருக்கு?" என்று மாமா கேட்டார். அண்ணனோடு சேர்ந்து பலகைகளை வண்டியில் ஏற்றினார். போகும்போது, "நர்கிசு, மண்டபத்துக்கு வாரியா? வண்டியில எடம் இருக்கு" என்றார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். சத்யா முன்சீட்டில் இருந்தாள், அண்ணன் பலகைகளோடு பின்னால் ஏறினான்.

படிகளின் மேல் பலகையைச் சாய்த்துப் போட்டதும் சத்யா சிரித்தாள். "இதுல ஆடுதான் ஏறும்ப்பா."

"எறங்கு, நான் பாக்குறேன்" என்று அவளை வேறு நாற்காலிக்கு மாற்றிவிட்டு, சக்கர நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். சக்கரம் கொஞ்சம் ஏறியது, பிறகு கடகடவென்று பின்னால் வந்தது. "அடியாத்தீ!" என்று மாமா கத்தினார். அண்ணன் பிடித்திருக்காவிட்டால் மல்லாந்திருப்பாராம்.

"இன்னும் நீளமாப் போடுங்கப்பா. நீளம் கூடுனா சரிவு கொறையும்" என்றாள் சத்யா.

நீட்டினார்கள். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி வழுக்கினார். மறுபடி நீட்டினார்கள். கடைசியில் பலகை மண்டபத்தின் நடு வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் முட்டுக் கொடுத்து முடித்ததும், மாமா மூச்சு வாங்க வாங்கத் தானாகவே சக்கரத்தைத் தள்ளி மேடைக்குப் போய்ச்சேர்ந்தார். மேலே போயும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கையி விட்டுப்போச்சே" என்றார். பிறகு மெதுவாக, "தெனமும் இப்படித்தான் தள்ளிக்கிட்டுத் திரியிறியா பாப்பா?" என்று கேட்டார். சத்யா மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

மாநாட்டு அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நான் முன்வரிசையில் இருந்தேன். சத்யாவின் பெயரைக் கூப்பிட்டதும் பலகையில் சக்கரம் உருளும் சத்தம் தொடங்கியது. கூடவே மாமாவின் செருப்புச் சத்தமும் வந்தது. பாதியில் சக்கரம் நின்றது, செருப்பும் நின்றது. அந்த "ம்ம்" இப்போது கேட்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. சக்கரம் மறுபடி உருண்டது, செருப்பு நின்ற இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். புழுதியெல்லாம் சாப்ட்டாச்சா?" மண்டபமே சிரித்தது, அப்புறம் கைதட்டியது.

எங்கள் மாநாட்டின் இணையப் பக்கத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று எழுத்திலும் போட வேண்டும், என்னைப் போன்றவர்களுக்காக. சாயங்காலம், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமாவிடம், அன்று எடுத்த படம் ஒன்றைத் திறந்து என் போனை நீட்டினேன்.

"இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க மாமா. நான் எழுதணும்."

"எம்மக மேடை ஏறுறா" என்றார் உடனே. "சக்கரத்துல ரெண்டு கையும் இருக்கு. பச்சைச் சேலை. மொகத்துல சிரிப்பு இல்ல, மேல பாத்துக்கிட்டே போறா."

"நீங்க எங்க இருக்கீக?"

"நானா? அது எதுக்கு? ஓரத்துலதான நிக்கிறேன்."

"படத்துல இருக்கிறதெல்லாம் எழுதணும்."

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்படின்னா எழுதிக்க தாயி. பக்கத்துல ஒரு ஆளு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறான். தொடல."