சாட்டையோடு ஒரு கண்ணீர் அஞ்சலி

அப்பா கண்ணாயிரம் இறந்த மறுநாள் காலை, சின்னசேலம் முச்சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்ததும் தங்கதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை உருட்டி, நாக்கைக் கடித்து, சாட்டையை ஓங்கியபடி நிற்கிறார் அப்பா. கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. விளங்குமா இது?

அப்பா நடித்தது ஒரே ஒரு படம். வெள்ளிமலையில் எடுத்த பழைய படம். கூலிக்காரர்களைக் கதறவிடும் பண்ணையார் வேஷம். இன்னும் உருட்டு, இன்னும் உருட்டு என்று டைரக்டர் சொல்லச் சொல்ல, மனிதர் முழி பிதுங்க உருட்டித் தள்ளிவிட்டார். நடிப்பா அது? ஆனால் ஜனங்கள் மனதில் அதுதான் நின்றது. மலைச் சந்தையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியபோதும் சிரித்துக்கொண்டே வீடு வந்தவர் அவர். மரவள்ளிக் கொல்லையில் மேய்ந்த மாட்டைக்கூட ‘போம்மா’ என்றுதான் விரட்டுவார். அந்த மனிதரைக் கடைசி நாளிலாவது ஊர் பார்க்கட்டும் என்று, வெள்ளைச் சட்டையில் சாந்தமாக இருக்கும் போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தான் தங்கதுரை.

பேனர் கடைக்காரன் தீனதயாளன் ஏணிமேல் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“நான் குடுத்த போட்டோ இன்னாச்சி?”

“அந்த மூஞ்சி யாருக்குண்ணே தெரியும்? இத்த பாருங்க, பஸ்ல போறவன்லாம் எறங்கி செல்ஃபி எடுத்துகினு போறான். அப்பாவுக்குத்தானே மருவாதி!”

கீழே நாலு பேர் பேனரைப் பார்த்துக் கண்ணை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அப்பாவின் வில்லன் சிரிப்பையும் சிரித்தான். அவ்வளவுதான், தங்கதுரைக்குப் பொறுமை போய்விட்டது.

“எறக்குடா அத்த! எழவு வூட்ட வச்சி இன்னாடா கூத்து?”

தொங்கிய கயிற்றைப் பிடுங்கி ஓங்கினான். யாரோ கை தட்டினார்கள். “அப்படியே அப்பாதான்டா!” எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்தது.

கயிற்றை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். அவனுக்கு முன்பே வீடியோ வந்து சேர்ந்திருந்தது. பிணத்தருகே உட்கார்ந்திருந்த அம்மா இருசம்மாளின் முன் பக்கத்துவீட்டுக்காரி செல்லை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ அவுரு மாதிரியே கீறேன்னு சொல்றாளுங்க,” என்றாள் அம்மா. மகனை ஏறிட்டுப் பார்த்தாள். “அவுரு நடிச்சாருடா. நீ நடிக்கலியே.”