முதல் மெயில் மூத்தவருக்கு

கோமதிசங்கர் காலையிலிருந்து கைபேசியைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மெயில் வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். 

பாளையங்கோட்டையில் ‘ஆவுடைத்தாய் ஸ்கேன் சென்டர்’ என்றால் ஆட்டோக்காரர் எவரும் வழி கேட்பதில்லை. தாயார் பெயரில் அண்ணன் பாபநாசமும் தம்பி கோமதிசங்கரும் சேர்ந்து ஆரம்பித்தது. போன சித்திரையில் ஒரு நாள், ஸ்கேன் படங்கள் போய்ச் சேரும் சர்வரில் இடமில்லாமல், பாதி ஸ்கேனில் எல்லாம் நின்றுவிட்டது. வந்தவர்களை வேறு சென்டருக்கு அனுப்பவேண்டியதாயிற்று. நோயாளிகளை இங்கே அனுப்பும் டாக்டர் போனில் கத்தவில்லை. “தாயார் பேரைப் போட்டு வச்சிருக்கீக. இன்னொரு தடவை இப்படின்னா நான் ஆளை வேற பக்கம்தான் அனுப்பணும்” என்றார். கத்தியிருந்தால் மறந்திருக்கலாம்.

மருமகள் சுப்ரஜா வீட்டிலிருந்தபடியே ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவள். அவள்தான் சர்வரில் தானாக ஓடும்படி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தருவதாகச் சொன்னாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது சர்வரின் டிஸ்கைப் பார்க்கும். நூற்றுக்கு எண்பத்தைந்து நிரம்பிவிட்டால் மெயில் அனுப்பும். முழுக்க நிரம்புவதற்குள் பழைய படங்களை எடுத்து இடம் பண்ணிவிடலாம். யார் யாருக்கு மெயில் போக வேண்டும் என்று கேட்டாள்.

மூத்தவருக்கு முதலில் போகட்டும், அவர் பார்த்துப் பதில் போட்ட பிறகு தமக்கு வரட்டும் என்றார் கோமதிசங்கர். டெக்னீசியன் ஜாபேஸின் பெயரை அவள் சொன்னபோது வேண்டாமென்று தலையாட்டினார். குடும்பத்துக் குறை வெளியாள் காதில் முதலில் விழுவதாவது.

“பெரிய மாமா பாக்குத வரைக்கும் டிஸ்க் காத்துக்கிட்டு நிக்காது மாமா.”

“கல்யாணப் பத்திரிகை அடிச்சா சாமிக்கு வச்சிட்டு மூத்தவுகளுக்குத்தானம்மா மொதல்ல குடுக்கோம்? இதுவும் வீட்டு விஷயந்தான்.”

 அவர் சொன்னபடியே அவள் எழுதினாள். சோதித்துப் பார்த்த அன்று அண்ணன் சென்டரிலேயே உட்கார்ந்திருந்தார். மெயில் வந்ததும் ‘கண்டேன்’ என்று பதில் போட்டார். அடுத்த நொடி கோமதிசங்கரின் கைபேசி ஒலித்தது. முறை தவறவில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

இன்று ஆனித் தேரோட்டம். அண்ணன் விடியற்காலையிலேயே வடம் பிடிக்கப் போய்விட்டார். சென்டரில் கூட்டம் குறைவில்லை. ஜாபேஸ் வந்து, படங்கள் ஏறுவது மெதுவாக இருக்கிறது, ஒரு தடவை சர்வரைப் பார்த்தால் தேவலை என்றான். கோமதிசங்கர் கைபேசியை எடுத்துக் காட்டினார். “ஏதும்னா மெயில் வரும்வே. நீரு உம்ம சோலியப் பாரும்.”

சொல்லிவிட்டாரே தவிர, அதன் பிறகு அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கதவருகே போய் நின்றார். திரும்பி வந்தார்.

மத்தியானம் அதே டாக்டர் ஒரு அம்மாளை அனுப்பினார். பாக்கியவதி என்று பேர். தேர்க்கூட்டத்தில் பின்மண்டை அடிபட விழுந்தவள்; இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். தலை ஸ்கேன் உடனே வேண்டும், படத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று போனிலும் சொன்னார். அவள் படுத்திருந்த மேஜை மெஷினுக்குள் நகர்ந்தது. படங்கள் ஏறின, ஏறின, நின்றன. ஜாபேஸ் கோமதிசங்கரைத் திரும்பிப் பார்த்தான்.

கோமதிசங்கர் சுப்ரஜாவைப் போனில் அழைத்தார். அவள் வீட்டிலிருந்தே சர்வருக்குள் போய்ப் பார்த்தாள்.

“டிஸ்க் நெறைஞ்சிட்டு மாமா. காலையிலேருந்து மெயில் போயிக்கிட்டேதான் இருக்கு. எல்லாம் பெரிய மாமாவுக்கு. அவுக போன் இங்கன பூஜை ரூம்ல கெடக்கு.”

“இப்ப என்னம்மா செய்ய?”

“வெளி டிஸ்க்ல நகல் ஏத்தி வச்ச பழைய படங்களை இதுலேருந்து எடுத்துட்டா எடம் வந்துரும். ஆனா தன்னைக் கேக்காம ஒரு படத்தையும் தொடக் கூடாதுன்னு பெரிய மாமா சொல்லியிருக்காக.”

தம் அறுபத்தாறு வயதுக்குள் அண்ணன் சொல்லை அவர் ஒரு தடவைகூடத் தாண்டினதில்லை. கண்ணாடிக்கு அப்பால் பாக்கியவதியின் கால்கள் அசையாமல் தெரிந்தன.

“எடுத்துரும்மா. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

சிறிது நேரத்தில் படங்கள் மறுபடி ஏறின. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் அந்த அம்மாளை ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகச் சொன்னார்; தாமதம் ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் கோமதிசங்கர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னும் வரவில்லையே.

பாபநாசம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைபேசியை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தார். உள்ளங்கைகள் வடம் இழுத்துச் சிவந்திருந்தன. தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மெயிலாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். 

“அம்மா பேருக்கு ஒண்ணும் ஆகலியேலே?”

“ஆகலண்ணே.”

“அந்தப் பொம்பளை?”

“ஆப்பரேஷன் நடக்கு. பொழைச்சுக்கிடுவான்னு டாக்டர் சொல்லுதாரு.”

“பெறவு என்ன. சர்வர்கிட்ட எவன் நிக்கானோ அவனுக்கு மொதல்ல போகட்டும். என் பேரை மட்டும் எடுத்திராத.”

போனில் சுப்ரஜாவிடம் சொன்னார்கள். யாருடைய பதிலுக்கும் காத்திராதபடி அவள் மாற்றி எழுதி, ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். ஸ்கேன் அறைக்குள் ஜாபேஸின் கைபேசி ஒலித்தது. பிறகு கோமதிசங்கருடையது. அவர் தம் கையிலிருந்ததைப் பார்க்கவில்லை. அண்ணன் மடியில் கிடந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒலித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.