சூசைரட்ணத்துக்கு அரைப் பேர்

சூசைரட்ணத்தைப் பழிவாங்க ராக்காயிக்கு ஒரு தவளை கிடைத்தது.

சூசைரட்ணம் இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு கல்குவாரியின் மேனேஜர். அங்கே வெடி வைக்க வைக்க, கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் கல்மாவு கரைந்து வெள்ளையாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் ராக்காயி அதைப் போத்தலில் பிடித்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனாள். அவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு? தேத்தண்ணி ஊத்திக் குடி, பால்மாச் செலவு மிச்சம்."

கிளார்க்குகள் சிரித்தார்கள். ஒவ்வொரு முகமாக ராக்காயி மனதில் பதித்துக்கொண்டாள்.

ஆறு மனுக் கொடுத்தும் வராத அரசாங்க ஜீப், ஊற்றருகே கட்டைவிரல் அளவில் ஒரு தவளை இருப்பது தெரிந்ததும் வந்தது. இறங்கியவள் காட்டுயிர் ஆய்வாளர் பிரேமினி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத தவளையாம். லயத்து மனிதர்கள் வேறெங்கும் தாராளமாகக் கிடைப்பதால் அவர்களுக்கு அந்த யோகம் இல்லை. ராக்காயி கோபப்படவில்லை; தவளையின் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

குவாரியின் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் அது; அதற்குப் பிரேமினியின் அறிக்கை வேண்டும்.

"இழுத்து மூடச் சொல்லுங்க மிஸ்."

"மூடுனா வேற பேர்ல அடுத்த மலைக்குப் போயிருவாங்க. நிபந்தனை போட்டுக் கட்டிப் போடுவோம். உங்களுக்கு என்ன வேணும்?"

ராக்காயியுடையவை இருபது வருடம் பெரட்டில் நின்ற கால்கள். விடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பிந்தினால் அரைப் பேர். அரை நாள் சம்பளம் போச்சு.

"அவரு பெரட்டுக்கு வரணும்."

பிரேமினி அதற்கு 'சமூகக் கண்காணிப்பு' என்று பேர் வைத்தாள். வண்டல் தொட்டி, ஊற்றைச் சுற்றி மரங்கள் என்ற நிபந்தனைகளோடு அதுவும் நிறைவேறியது. தினமும் ஆறு மணிக்கு மேனேஜர் பீலித் தண்ணீரோடு பெரட்டில் நிற்கவேண்டும். தண்ணீர் வெள்ளையென்றால் அன்று வெடியில்லை. பிந்தினால் அரை நாள்தான் வெடி. பதிவேடு ராக்காயி கையில்.

"சூசைரட்ணம்!"

"இருக்கேன்."

"காதுல விழல."

"இருக்கேங்க!"

முதல் மாதம் பதினெட்டு நாள் வெடியில்லை. பிறகுதான் தொட்டிகளைக் கட்டினார்கள். நான்காம் மாதம் தண்ணீர் தெளிந்தது. அவர் போத்தலை நீட்டினார்.

"பாருங்கக்கா, கண்ணாடி மாதிரி!"

"குடிங்க."

குடித்தார்.

"பால் பத்தலையோ?"

லயம் முழுக்கச் சிரித்தது. ராக்காயி கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினாள்.

"ஆறு மணி நாலு நிமிசம். அரைப் பேர்."

"நாலு நிமிசந்தானேக்கா!"

"இருபது வருசம் நானும் அதத்தாங்க சொன்னேன்."