மீன் பிடிக்கப் போகிறவர்கள்

ஒவ்வொன்றாகத் துணி சுற்றிவைக்க நேரமில்லை. கைக்கு வந்த பொம்மைகளை எல்லாம் அள்ளி நீலப் போர்வை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மையின் கை வளைந்து அலமாரிக் கதவில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். உள்ளே ஏதோ சொடுக்கிட்டு, கை மட்டும் அவள் விரல்களில் மிஞ்சியது.

"இன்னுமா முடியல? வண்டி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிடுச்சாம்." கணவர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குத்தான் கத்தினார்.

"உடையுதுங்க."

"உடைஞ்சா உடையட்டும். யாரு இனிமே வந்து கேக்கப் போறா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் பல் தேய்க்கப் போன அவள் தம்பி, தொட்டியைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டான். மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மார்பை அமுக்கினார்கள், பிறகு அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவர் முதலில் பார்த்தது இந்த அறையைத்தான். கூடத்துக்கும் தம்பியின் அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைதான். கூடத்தில் அவனைக் கிடத்தினால், வருகிறவர்கள் கண் நேராக இந்த அலமாரியில்தான் விழும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கழித்துப்போட்ட லிஃப்டின் கண்ணாடிக் கதவுகளை வாங்கிவந்து, தானே அறுத்து அந்த அலமாரியைச் செய்திருந்தான். உள்ளே உள்ளங்கை அளவிலிருந்து முழங்கால் உயரம் வரை பொம்மைகள். உடைந்தவை, கண் போனவை, முடி கொட்டியவை என்று எங்கெங்கிருந்தோ வரும். முகத்துச் சாயத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு, புருவத்தை ஒவ்வொரு முடியாக வரைவான். உடம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் கொக்கி விட்டு இழுத்துப் புதிதாகக் கோப்பான்.

"லிஃப்ட் கயிறு மாதிரிதான்க்கா. லூசாயிட்டா ஆள் நிக்க முடியாது" என்பான்.

அவனுக்குப் பெண் பார்த்தபோது, பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அந்த அறையை எட்டிப் பார்த்தபோது அவன் முந்திக்கொண்டு சொன்னான்: "இது சேகரிப்பு. ஸ்டாம்ப் சேக்குறாங்கல்ல, அது மாதிரி." பெண்ணின் அப்பா தலையாட்டிவிட்டு, படியிறங்கும்போது தன் மனைவியிடம், "பொம்மை வச்சு விளையாடுறான்" என்று சொன்னது மேலே வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை.

வெளியாள் இருந்தால் பொம்மையை 'அது' என்றுதான் சொல்வான். "அது பழசு. அதோட கண்ணு கண்ணாடி." தனியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது மட்டும் வாய் தவறும். "இவளுக்குக் கழுத்து நிக்கவே மாட்டேங்குதுக்கா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். அவளும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

கம்பெனியில் அவனுக்குப் 'பாப்பா' என்று பெயர். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் போன மாதம் ஒரு குடியிருப்பில், பழுதான லிஃப்ட் முன்னால் பையைத் திறந்துவைத்துக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அங்கே குடியிருக்கும் சிறுமி ஒருத்தி பையில் கைக்குட்டை சுற்றிக் கிடந்த பொம்மைத் தலையை எடுத்துவிட்டாள். "பத்திரமா பிடிம்மா, கண்ணு கழண்டுடும்" என்று சிரித்திருக்கிறான். அவ்வளவுதான். பின்னால் நின்ற தாய் படம் எடுத்தாள். குழந்தைகளை மயக்கப் பொம்மையோடு அலைகிறான் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போனில் சுற்றியது. கம்பெனி விசாரித்தது, தப்பு ஒன்றும் இல்லை என்றது, ஆனாலும் வீடுகள் இருக்கும் கட்டிடங்களுக்கு இனி போக வேண்டாம் என்று உதிரிப்பாகக் குடோனில் உட்காரவைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் அன்றிலிருந்து 'பாப்பா' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகுமாம். கேலி செய்த காலமே தேவலை என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

"அந்தப் படத்தைப் பாக்காதவங்க இந்தத் தெருவுல யாரும் இல்ல," என்றார் கணவர். "இன்னைக்கு இந்த அலமாரியையும் பாத்தா, அழ வந்தவங்க அழுவாங்களா சொல்லு? அவனுக்காகத்தான் சொல்றேன். கடைசியா ஒருநாளாவது மானத்தோட போகட்டும்."

அவள் மூட்டையின் வாயைக் கட்டினாள்.

"கீழ மீட்டர் ரூம்ல வச்சிடுங்க. எல்லாம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்."

"ம்" என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

வண்டி வந்தது. படியில் தூக்கி வருவதற்குள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"பாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

"தலை இந்தப் பக்கம் வரட்டும். அதுக்கு அடியில ஒரு ஷீட்டைப் போடுங்க."

"எப்ப எடுக்குறாங்களாம்?"

பொழுது விடிந்தபோது அவன் 'அக்கா, டீ' என்று குரல் கொடுத்தவன். அவள் அவனைக் கிடத்தியிருந்த கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். அந்த வேளையிலும் அதைப் பார்த்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கம்பெனி ஆட்கள் ஒரே கூட்டமாக வந்து, ஒரே கூட்டமாக நின்றார்கள். மேனேஜர், "ரொம்ப அமைதியான மனுஷன்" என்றார். மற்றவர்கள் அதையே ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். ஒருவன் கண் மட்டும் அடிக்கடி திரைப்பக்கம் போய் வந்தது.

அதற்குப் பிறகு வாசலில் இரண்டு பேர் தயங்கித் தயங்கி நின்றார்கள். வயதான ஒரு மனிதர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. கூட ஒரு பெண், தோளில் கனத்த பை. இருவரையும் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"நீங்க?" என்றார் கணவர்.

"நான் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். இவங்க மூணு தெரு தள்ளி இருக்கிற ஸ்கூல்ல கணக்கு டீச்சர். தம்பிக்குத் தெரிஞ்சவங்க."

"எப்படித் தெரியும்?"

பெரியவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"மீன்..." என்று மென்று முழுங்கினார் பெரியவர். "ஞாயித்துக்கிழமைல ஒண்ணா மீன் பிடிக்கப் போவோம்."

"மீனா? மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிக்கு ஓடுவானே அவன்?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, 'மீன் பிடிக்கப் போறேன்க்கா' என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவான். எங்கே, யாருடன் என்று அவள் கேட்டதில்லை. வெறுங்கையோடு வருவான், ஆனால் வாய் ஓயாமல் பேசுவான். ஆக, அவன் மட்டுமில்லை, எல்லோரும் தங்கள் வீட்டில் அந்தப் பொய்யைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

டீச்சர் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எங்க வீட்டு ஒருத்தி..." நிறுத்தித் திருத்திக்கொண்டாள். "என்னோடது ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. பழுப்பு முடி. கழுத்து சாயுதுன்னு குடுத்தேன். சரி பண்ணிட்டேன், வந்து வாங்கிக்கங்கன்னு நேத்துதான் போன் பண்ணினார்."

"இருக்கு," என்றாள் அவள். பழுப்பு முடியை மூட்டைக்குள் அமுக்கியது விரல்களுக்கு நினைவிருந்தது. "கீழ பத்திரமா இருக்கு. எடுத்துத் தர்றேன்."

கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சாவி கேட்டாள். அவர் தண்ணீர்க் குவளையைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவிய குவளை.

"மீட்டர் ரூம் பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன்கிட்ட சாவி கேட்டேன். மூட்டையில என்ன சார்னு கேட்டான்." குவளையைக் கவிழ்த்தார். "நான் என்னன்னு சொல்லுவேன்? வாயே வரல. பழைய துணின்னுட்டேன். அப்ப தெருமுனைத் தொட்டியில போடுங்க சார், இப்ப குப்பை வண்டி வந்துடும்னான். அவன் பாத்துக்கிட்டே நிக்கிறான்..."

"போட்டுட்டீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை.

அவள் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். தெருமுனைத் தொட்டி காலியாக இருந்தது. அடியில் அழுக்குத் தண்ணீர் மட்டும். அடுத்த தெருவில் இயந்திரம் இரைகிற சத்தம் கேட்டது. செத்தவன் வீட்டிலிருந்து அக்காக்காரி அவிழ்ந்த முடியோடு ஓடுவதைக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"நிறுத்துங்க! ஐயா, நிறுத்துங்க!"

குப்பை வண்டியின் பின்பக்கம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொழிலாளி பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

"என்னம்மா, நகை ஏதாவது போட்டுட்டீங்களா?"

"பொம்மை."

"குழந்தையோடதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் எப்போதும் சொல்கிற பதில். சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

"இல்ல. என் தம்பியோடது. நாப்பத்தி மூணு வயசு. இன்னைக்குக் காலையில போயிட்டான். அவனோட பொம்மைங்க. நீல மூட்டை. அதுல இருக்கு, எடுத்துக் குடுங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

தொழிலாளி கையுறையைக் கழற்றினார். அவள் முகத்தையும் வண்டியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தத் தெருக் குப்பையை எல்லாம் அமுக்கியாச்சும்மா."

இரும்புத் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நீலத்துணியின் ஒரு முனை தெரிந்தது. அவள் எக்கி அதைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும், காலை வண்டியில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். துணி கிழிந்து, அவள் பின்னால் சரிந்தாள். துரத்திக்கொண்டு வந்திருந்த பஸ் டிரைவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை. தொழிலாளி இன்னும் கொஞ்ச நேரம் பொத்தானைத் தொடாமலே நின்றார். பிறகு பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

வீட்டுக்குள் நுழைந்தபோது பேச்சு அறுந்து விழுந்தது. அவள் சேலையெல்லாம் குப்பைச் சாறு.

"எங்கம்மா போயிட்ட இந்த நேரத்துல?" என்றாள் எதிர்வீட்டம்மா. "யாரு இவரு?"

"நாங்க மீன்..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பொம்மை சேக்குறவங்க. என் தம்பியும் அதைத்தான் சேத்தான். அங்க அலமாரி இருக்கு, வேணும்னா திறந்து பாருங்க. இப்ப காலியாத்தான் இருக்கு."

கம்பெனி ஆட்களில் ஒருவன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். கணவர் சுவரோடு சுவராக நின்றார். டீச்சர் முகம் வெளுத்துப்போனது. அவளுடைய பள்ளிக்கூடம் மூன்று தெரு தள்ளித்தான். அதை அக்கா அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

டீச்சரின் முன்னால் மண்டியிட்டாள்.

"உங்களோடதும் போயிடுச்சும்மா. நான்தான் கட்டிக் குடுத்தேன். என் கையாலதான் கட்டினேன்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவளை எங்கம்மா எனக்கு..." என்றவள் முடிக்கவில்லை. நெடுநேரம் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள்.

"இவரை யாரு இப்படிப் படுக்க வச்சது?"

அப்போதுதான் அவளும் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி கன்னத்தை ஒரு பக்கமாக அமுக்கியிருந்தது. கழுத்து கோணி, ஒரு கை உடம்புக்கடியில் பாதி மாட்டியிருந்தது. காலையிலிருந்து இத்தனை பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அக்கா, நாங்க இவரைக் கொஞ்சம் சரி பண்ணட்டுமா?"

அவள் தலையசைத்து இடம் விட்டாள். பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்துத் தலையைத் தூக்கினார். கொஞ்சமும் அவசரமில்லை. டீச்சர் கட்டை அவிழ்த்து, மடிப்பில்லாமல் மறுபடி கட்டினாள். மாட்டியிருந்த கையைத் தோளிலிருந்து மெல்லத் திருப்பி வெளியே எடுத்தாள். "வகிடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "வலது" என்றாள் அக்கா. பையிலிருந்து நெருக்கமான பல் வைத்த சின்ன இரும்புச் சீப்பு வந்தது.

கம்பெனி ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி வாசலுக்குப் போய்விட்டார்கள். கணவர் மட்டும் போய் ஜன்னல் திரையை விலக்கினார், வெளிச்சம் வரட்டும் என்று.

மணிக்கட்டில், ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்திரியின் பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. டீச்சர் பஞ்சை நனைத்து, சுற்றிச் சுற்றி, தோல் இழுபடாமல் துடைத்தாள். அது போக நேரமாயிற்று. கீழே சுடுகாட்டு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

துடைத்த இடம் ஈரமாக இருந்தது. டீச்சர் குனிந்து, அந்த மணிக்கட்டில் மெல்ல ஊதினாள்.