மூன்றாம் நட்டு

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா, இந்த மழைக்கு வீட்டில் யாருக்கும் சளி காய்ச்சல் இல்லையே, எனக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் கொஞ்சம், ஆனால் நேற்றிலிருந்து அந்த மூன்றாவது குச்சி கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது... திரையில் எட்டுக் குச்சிகள், ஏழு பச்சையாக உயர்ந்து நிற்க, ஒன்று மட்டும் பாதியில் நின்றதே, அதைத்தான் சொல்கிறேன். துணியில் ஓட்டை பார்க்கிறவளுக்கு நட்டும் போல்ட்டும் எதற்கு என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன், முதலாளி மோகன்ராஜ்தான் விடவில்லை. "ரங்கக்கா, ட்ரெயினிங்குக்கு நீங்களும் வந்து உக்காருங்க. நீங்க சரீன்னு சொன்னாத்தானுங்க செல்வக்குமார மறுக்காவும் ஸ்டீம் லைனுக்கு வுடுவேன்." செல்வக்குமார் எங்கள் சாயப்பட்டறையின் ஃபிட்டர், போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் நீராவிக் குழாயின் மூட்டு இணைப்பை மாட்டினவன், அன்று மத்தியானமே அந்த மூட்டு பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் சாயத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் லிங்கசாமியின் மேல் நீராவி அடித்து... வேண்டாம், அதை எழுதினால் ஆஸ்பத்திரி வாசனை வந்துவிடும். அவர் போனபிறகு எனக்கு அங்கேயே செக்கிங்கில் வேலை கொடுத்தார்கள், அவனை அட்டைப்பெட்டி கட்டுகிற பக்கம் தள்ளினார்கள். வருஷம் பூராவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம், அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை, அதற்கே எவ்வளவு கவனம் வேண்டியிருந்தது தெரியுமா.

சொல்லித் தர வந்தது தரணி என்கிற பெண், கோயமுத்தூர்க்காரி, என் மகள் வயதுகூட இருக்காது. மேஜைமேல் குழாய் மூட்டு மாதிரியே இரண்டு வட்ட இரும்புத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றிலும் எட்டு போல்ட், ஒவ்வொரு போல்ட்டிலும் தடித்த வளையல் மாதிரி ஒரு வளையம், வளையத்திலிருந்து ஒரு வயர், எட்டு வயரும் ஒரு பெட்டிக்குள் போய், பெட்டியிலிருந்து திரைக்கு. போல்ட் எவ்வளவு பாரத்தைப் பிடித்திருக்கிறது என்பதை வளையம் சொல்லும், திரையில் குச்சியாக ஏறும், அவ்வளவுதான் என்றாள், அவ்வளவுதானா, ஒருவர் உயிரைப் பிடித்து நிறுத்துவது அவ்வளவுதானா என்று எனக்குள் ஓடியது. அவள் குனிந்து ஒவ்வொரு வயராகச் செருகி, எல்லாக் குச்சியும் தரையோடு தரையாகக் கிடக்கிறதா என்று பார்த்து, ஒன்று மட்டும் சும்மா துடித்துக்கொண்டிருக்க அதைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகி... எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அவசரமே இல்லை அவளிடம். அன்றைக்கு இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என்று நினைத்தேன், உடனே, இருந்திருந்தால் மட்டும் என்ன, அவன் பார்த்திருப்பானா, அலட்சியம் பிடித்தவன் என்றும் நினைத்தேன். அந்த எண்ணம் எனக்குப் பல்துலக்குகிற மாதிரி, காலையில் எழுந்ததும் தானாக வந்துவிடும், அவன் ஒழுங்காக இறுக்கவில்லை, அவன் ஒழுங்காக இறுக்கவில்லை, அதைச் சொல்லிக்கொண்டேதான் தலைவாரி, சோறு கட்டி, வீரபாண்டி பஸ்ஸில் ஏறி...

நட்டுகளை அவரவர் கையாலேயே மாட்டச் சொன்னாள், அப்புறம் ஆளுக்கு ஒரு போல்ட், சத்தம் கொடுக்கிற அந்த நீள ஸ்பேனரால் இறுக்கவேண்டும், போதுமான பலம் விழுந்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். எதிரும் புதிருமாக இறுக்குங்கள், வரிசையாகப் போனால் ஒன்றை இறுக்க இறுக்க அதன் பக்கத்தில் இருப்பது தளரும் என்றாள், தளர்ந்ததையும் திரையில் காட்டினாள். பாய்லர்காரர் பெருமாள்சாமி தம் கட்டி இறுக்கியும் குச்சி ஆடி அசைந்து ஏற, பின்னாலிருந்து ஒருத்தன், "ஏனுங்ணா, காத்தால சோறு திங்கலீங்களா?" என்றான். "தின்னனப்பா, உங்கூட்டுச் சோறு மாதிரி சப்புன்னு இருந்துச்சு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், சிரித்ததும் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அடுத்து ஸ்பேனரை வாங்கியது செல்வக்குமார். எட்டில் கடைசியாக மிச்சமிருந்தது மூன்றாம் எண் போல்ட். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் கையைப் பார்க்கிறேன், முகத்தை இல்லை, கையை மட்டும். காலை அகட்டி நின்று, மெதுவாக, மெதுவாக... டக். போலீசிடமும் இதைத்தான் சொன்னான், "சத்தம் வர்ற வரைக்கும் முறுக்குனனுங்க, சாமி சத்தியமுங்க." பொய் என்றேன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், சத்தம் வந்திருந்தால் என் வீட்டுக்காரர் ஏன் உள்ளே கிடக்கிறார் என்று. அவன் பதில் பேசவில்லை. பதில் இல்லாதவன் குற்றவாளிதானே, அப்படித்தானே நாம் எல்லோரும் நினைப்போம்?

ஆனால் நேற்று சத்தம் என் காதிலேயே விழுந்தது, எல்லோர் காதிலும் விழுந்தது, குச்சி மட்டும் பாதியில் நின்றது. இன்னொரு தரம் இறுக்கச் சொன்னாள் தரணி, மறுபடி டக், குச்சி அசையவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கினாள். செல்வக்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான், "வயரு கோளாறா இருக்குமுங்க மேடம், மாத்திப் பாருங்க." அவசரமாகச் சொன்னான், அந்த அவசரம் எனக்கு என்னவோ போலிருந்தது, தன்மேல் தப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறான் என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட... வயரை மாற்றினாள், அதே பாதி. வளையத்தை மாற்றினாள், அதே பாதி. கடைசியில் நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள், உள்முகத்தில், தட்டோடு உட்காருகிற பக்கத்தில், மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது, நடுவில் சிவப்பு. சந்தனம், குங்குமம். மேஜைச் சாமானெல்லாம் முந்தாநாள் பூஜையன்றுதான் வந்து இறங்கியிருக்கிறது, புதுச் சாமான் என்று ஆட்கள் இலையில் பரப்பி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். மாட்டும்போது சில நட்டில் பொட்டு வெளியே இருக்கிறது, இதில் புரண்டு உள்ளே போயிருக்கிறது. "காஞ்ச சந்தனமுங்க" என்றாள் தரணி, "நாம போடற பலமெல்லாம் இதைத் தேய்க்கறதுக்கே போயிரும், போல்ட்டுக்குப் போகாது. சத்தம் மட்டும் வந்துரும்." துணியால் துடைத்தாள், மறுபடி மாட்டினாள், அவனிடமே ஸ்பேனரைக் கொடுத்தாள். டக். குச்சி மற்ற ஏழோடு சரிக்குச் சரியாக ஏறி நின்றது. அவள் கள்ளம் கபடமில்லாமல்தான் கேட்டாள், "இங்க வருசா வருசம் இப்படி வெக்கற வழக்கமுங்களா? குழாய் நட்டுக்கெல்லாம்?"

பெருமாள்சாமி கூரையைப் பார்த்தார். மோகன்ராஜ் போனை எடுத்துப் பார்த்தார், போன் அடிக்கவே இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பூஜைக்கு நீராவிக் குழாயிலிருந்து கழற்றிக் கழுவின நட்டு போல்ட்டை வாழையிலையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைக்கிறது யார், மறுநாள் மாட்டும்போது யாராவது துணியை எடுத்தால், "வெச்ச பொட்ட அழிக்காதீங்கடா" என்று தடுக்கிறது யார். என் வீட்டுக்காரர்தான், போன வருஷமும் அவரேதான். வேறு யாரையும் தொடவிடமாட்டார், நான் அரைத்துக் கொடுத்த சந்தனம்கூட வேண்டாம் என்று அவரே அரைப்பார், அவ்வளவு பக்தி, அவ்வளவு சுத்தம். அதற்குள் செல்வக்குமார் குரல் கேட்டது. "வழக்கமெல்லாம் இல்லீங்க மேடம். புதுசுன்னு இந்தத் தடவ பசங்க வெச்சுட்டாங்க." அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான், ஒரு வருஷம் கழித்து நானும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன், கன்னம் ஒட்டிப்போய், ஐயோ, எவ்வளவு சின்னப்பையன்... ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன்மேல் இருந்த ஒரு வருஷப் பழி அங்கேயே கழுவப்பட்டிருக்கும். சொல்லவில்லை. "ரங்கக்கா, நீங்க என்னங்க சொல்றீங்க?" என்றார் மோகன்ராஜ், என்னைப் பார்க்காமலே. "அவனே பாக்கட்டுமுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "ஸ்டீம் லைன அவனே பாக்கட்டுமுங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான், நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

இன்று காலையில் எழுந்தேன், தலைவாரினேன், வழக்கமாக வருகிற அந்த எண்ணம் வாய்வரை வந்து நின்றது, அவன் ஒழுங்காக... அதற்குமேல் போகவில்லை. பஸ்ஸில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன், செக்கிங் மேஜையில் துணி ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு ஓட்டையை விட்டுவிட்டேன். அவர்மேல் கோபப்படலாமா, சாமிக்குச் செய்தவர்மேல், போய்ச் சேர்ந்தவர்மேல்? வரமாட்டேன் என்கிறது. ஒன்றுதான் குடைகிறது, அவனுக்கு நேற்றுத்தான் தெரிந்ததா, இல்லை, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசப் பேச வாயை மூடிக்கொண்டு நின்றானே, அப்போதே தெரிந்திருந்ததா? வயரை மாற்றச் சொன்ன அந்த அவசரம்... கேட்கவேண்டும், கேட்டு அவன் ஆமாம் என்றால் அப்புறம் நான் எங்கே போய் நிற்பது? உங்களில் யாருக்காவது இப்படி, வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்த கோபம் ஒரே நாளில் ஆள் இல்லாமல் நின்றிருக்கிறதா? அந்தக் கோபத்தைத் தாங்கினவர் முன்னால் போய் முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்? இருந்தால் எழுதுங்கள், நாளைக்கு ஸ்டீம் லைன் பக்கமாகத்தான் நான் நடந்து போகவேண்டும்.