பதிவிலை இல்லாத பெயர்

இத்தாலியிலை, பொலிதேயாமா எண்ட இடத்திலை நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, ஒரு சரித்திர ரீச்சர். இருநூறு வருசத்துக்கு முந்தி நியூசிலாந்துக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரரைப் பற்றி நாளைக்கு ஒரு கூட்டத்திலை கதைக்கப்போறா. நான் யன்னல் துடைக்கேக்கை, எழுதி வைச்ச பேச்சை வாசிச்சுக் காட்டினா.

கப்பல் ஆறு வேட்டைக்காரரைக் கரையிலை விட்டிட்டுப் போட்டுது. பட்டினி கிடந்தவைக்கு மீனும் பறவை இறைச்சியும் குடுத்துக் காப்பாற்றினவள் அந்த நாட்டு மாவோரிப் பழங்குடிப் பெண் ஒருத்தி. பேச்சிலை அந்த ஆறு பேரின்ரை பெயரும் இருந்தது.

"அவளின்ரை பெயர் என்ன?" எண்டு கேட்டன்.

"பதிவிலை இல்லை. அதிலை ஒருத்தன் அவளோடை பத்து வருசம் குடும்பம் நடத்தினவன். அவளை மேரி எண்டுதான் கூப்பிட்டிருக்கிறான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பத்து வருசம் அவளின்ரை கையாலை திண்டவனுக்கு அவளின்ரை பெயரைச் சொல்ல வாய் வரேல்லையோ?"

"பெரிய அநியாயம்தான்," எண்டு சிஞ்ஞோரா தலையாட்டினா. "நாளைக்கு அதைத்தான் கண்டிச்சுக் கதைக்கப்போறன்." பிறகு கண்ணாடியைக் கழட்டி வைச்சா. "மரியா, கோப்பி போடு."

என்ரை பெயர் அற்புதமலர். நீளமாக் கிடக்குதெண்டு முதல் நாளே மாத்தினவ. பதினொரு வருசமா அவவுக்குக் கோப்பி போடுறன்.

அண்டைக்குப் போடேல்லை.